மரம் நட வந்தவர்களும் வெயிலண்ணையும்

சுவிற்சர்லாந்தில் இருக்கிற தமிழர் எல்லோரையும் ஒரு மைதானத்தில் கூட்டிவைத்து, "இந்த நாட்டில் மழை பெய்வதைத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டவர் யார்? கையைத் தூக்குங்கள்" என்று கேட்டால், ஒரே ஒரு கைதான் மேலே எழும்பும். அது வெயிலண்ணையின் கை. மற்றவர்கள் குளிரைத் திட்டுவார்கள், வரியைத் திட்டுவார்கள், மேல்வீட்டுக்காரரைத் திட்டுவார்கள். வெயிலண்ணைக்கு அவையெல்லாம் பொருட்டேயில்லை. அவருக்கும் மழைக்கும்தான் நேரடிச் சண்டை.

அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லிப் பயனில்லை. சொன்னால் அவருடைய சொந்த மச்சானே "அது ஆர்?" என்று கேட்பார்.

நாங்கள் இருவரும் லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தோம். நான் மரக்கறி வெட்டும் பக்கம், அவர் கோப்பை கழுவும் பக்கம். லுசேர்ணுக்கு வந்துபோன எவருக்கும் அந்த ஊர் மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மலையில் முட்டி நிற்கிற மேகமெல்லாம் அங்கேதான் இறக்கி வைத்துவிட்டுப் போகும். பகல் முழுக்கக் கழுவுதொட்டியில் கையை விட்டுக்கொண்டு நின்றுவிட்டு வெளியே வந்தால் வானத்திலிருந்தும் தண்ணீர். "உள்ளுக்கும் தண்ணி, வெளியிலயும் தண்ணி. நான் என்ன மீனோ?" என்று கேட்பார். பதில் சொல்லக்கூடாது. சொன்னால் அரைமணி நேரம் போய்விடும்.

மழை என்ற சொல்லை அவர் வாயில் எடுத்ததே கிடையாது. யன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, "அவன் வந்திட்டான்" என்பார். விசா இன்னும் கிடைக்காமல் எங்களோடு புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர், இதைக் கேட்டவுடன் வெங்காயக் கத்தியையும் போட்டுவிட்டுக் குளிரறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே எடுக்கும்போது அவருடைய மீசையில் பனி பிடித்திருந்தது.

குடையும் பிடிக்க மாட்டார். அது அவருடைய கொள்கை. "குடை பிடிச்சால், அவன் பெய்யிறது சரியெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி." ஆகவே தினமும் சொட்டச் சொட்ட நனைந்துதான் வேலைக்கு வருவார். தலைமைச் சமையல்காரர் ஒருநாள் பொறுமை இழந்து, "ஏன் இப்படி நனைந்து வருகிறாய்?" என்று கத்தினார். "நான் நனையேல்லை. அவன் நனைச்சவன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, வெயிலண்ணை சட்டையைப் பிழிந்தார். தலைமைச் சமையல்காரருக்கு அந்தத் தொனி விளங்கியது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

உச்சக்கட்டம் ஒரு கோடைகாலத்தில் நடந்தது. தூர தேசத்திலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள், ஒரு வாரமாக மலையே தெரியவில்லை என்று வரவேற்பறையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்கள். வெயிலண்ணை றப்பர் கையுறையோடு சமையலறையிலிருந்து நேரே போய் அவர்கள் முன்னால் நின்றார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நாட்டின் சார்பாக மன்னிப்புக் கேட்டார். "நானும் ஒவ்வொரு நாளும் சொல்லிப் பார்க்கிறன். கேக்கிறான் இல்லை" என்று கடைசியில் தமிழில் முடித்தார். ஒரு பெண்மணி எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தார். முகாமையாளர் எச்சரிக்கை கொடுத்தார்.

இப்படி இருந்த மனிதர் லுசேர்ணை விட்டுப் போனதற்குக் காரணம் ஒரு தொலைக்காட்சி. ஓய்வறையில் வானிலைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நாடு முழுக்கக் கறுப்பு மேகம், துளித்துளியாக மழைக் குறி. கீழே ஒரு மூலையில் மட்டும் ஒரு மஞ்சள் சூரியன். வெயிலண்ணை எழும்பிப் போய் ஈரவிரலால் அந்தச் சூரியனைத் தொட்டார்.

"தம்பி, இது எந்த இடம்?"

"வாலிஸ், அண்ணை. மலைக்கு அங்கால."

"அங்க ஆர் இருக்கினம்?"

"மாடும் திராட்சைத் தோட்டமும் கொஞ்சச் சனமும்."

அடுத்த விடுமுறை நாளில் புகையிரதம் ஏறினார். இரவு திரும்பி வந்தபோது மூக்கு உரிந்து, நெற்றி கன்றி, காலணி நிறையப் புழுதியோடு, கலியாண வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி நின்றார். "தம்பி, கண்டுபிடிச்சிட்டன். இந்த நாட்டில ஒரு பாலைவனம் இருக்குது" என்றார். ஒரு மாதத்துக்குள் வேலையை விட்டுவிட்டு, அந்த மலையடிவாரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் சேர்ந்துவிட்டார்.

அவர் பாலைவனம் என்று சொன்னது ஒரு மலைச்சரிவை. தெற்கே பார்த்த, கல்லும் புழுதியும் காய்ந்த புல்லுமான சரிவு. இரண்டு பக்கத்து மலைகளும் மழையை மறித்துக்கொள்வதால் அங்கே வருகிற மேகம் வெறுங்கையோடுதான் வரும். படித்தவர்கள் அதைப் புல்வெளி வகையில் சேர்க்கிறார்கள் என்றும், பாலைவனம் என்று சொல்லக்கூடாது என்றும் பலர் அவருக்கு விளக்கியிருக்கிறார்கள். அவர் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, அடுத்த வசனத்தில் பாலைவனம் என்பார்.

அவர் இழுத்த இழுப்பில் நானும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். வைகாசி வெயில். வெள்ளி மயிர்போலப் புல் அசைந்தது, சில்வண்டுகள் காதைப் பிளந்தன, பச்சை ஓணான் ஒன்று கல்லில் கிடந்து எங்களை மதிக்காமல் பார்த்தது. வெயிலண்ணை ஒரு சாம்பல்நிறச் செடியைக் கசக்கி என் மூக்கில் வைத்தார். கசப்பு மணம் மண்டைக்குள் ஏறியது.

"என்ன அண்ணை, ஊர் ஞாபகம் வருதோ?" என்று கேட்டேன். எழுதுகிறவனுக்கே உரிய ஆசை.

"விசர்க்கதை கதையாதையும். ஊரில எங்க இப்பிடிக் காய்ஞ்சு கிடந்தது? ஒரு பக்கம் கிணறு, மற்றப் பக்கம் கடல், சுத்திவர நுளம்புக்கடி. இது வேற." கசக்கிய செடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இந்த நாட்டில எல்லாரும் பச்சையைத்தான் வடிவெண்டு சொல்லினம். காய்ஞ்சு கிடக்கிறதுக்கும் ஆரும் ஒராள் வேணும்தானே."

அவருக்கு முன்பே அதற்கு ஆட்கள் இருந்தார்கள். அதுதான் சிக்கல். சரிவின் மேலே ஓர் ஊர், நடுவில் ஓர் ஊர், கீழே ஓர் ஊர். ஒவ்வோர் ஊரிலும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, பரம்பரைக் காணியை விற்காமல், வீடு கட்டாமல், இருந்தபடியே காப்பாற்றுவதற்கென்று ஒரு சிறு அறக்கட்டளை வைத்திருந்தன. மூன்றும் நல்ல அறக்கட்டளைகள். மூன்றும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

காரணம் ஒரு மாடு. அந்தப் பக்கத்தில் பசுமாடுகளை ஒன்றோடொன்று கொம்பு முட்டவிட்டு ராணி மாடு தெரிவு செய்வது பெரிய திருவிழா. யாருடைய தாத்தா காலத்திலோ மேலூர் மாடு நடுவூர் மாட்டை வென்றதாம். இல்லை, நடுவூர் மாடு சும்மா திரும்பிப் பார்த்ததாம், அதைத் தோல்வி என்று கணக்கெடுத்துவிட்டார்களாம். தீர்ப்புச் சொன்னவர் கீழூர்க்காரர். மாடுகள் இரண்டும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. கோபம் மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

இதனால் கெட்டது சரிவுதான். அப்படிப்பட்ட காணியைச் சும்மா விட்டால் பாலைவனமாக இருக்காது. முள்பற்றை ஏறும், பிறகு மரம் ஏறும், நிழல் விழும், மண் ஈரமாகும், அந்த வெள்ளிப் புல்லும் ஓணானும் போய்விடும். ஆடு மேயவேண்டும், ஆட்கள் போய்ப் பற்றை வெட்டவேண்டும். ஆடு மேலூரில்தான் இருந்தது. அது எல்லை தாண்டினால் நடுவூரார் விசில் ஊதுவார்கள். மேலூரார் தங்கள் பகுதியில் பற்றையை வெட்டி முடிக்க, நடுவூர்ப் பற்றை வேலிக்குக் கீழால் அங்கே ஏறும். கீழூரார் வெட்டினாலும் அதே கதை.

வெயிலண்ணை போன அடுத்த வருடம் பேரிடி வந்தது. நடுவூர்ப் பகுதியை நீண்டகாலக் குத்தகைக்குத் தரும்படி ஒரு திராட்சைத் தோட்டக்காரர் கேட்டார். நல்ல மனிதர், நல்ல வாடகை. ஆனால் குழாய் போட்டுத் தண்ணீர் தெளிப்பார். சரிவின் நட்டநடுவில் தண்ணீர் விழுந்தால் மேலும் கீழும் துண்டாகிவிடும், மிச்சமும் தானாகச் செத்துவிடும்.

நடுவூர் அறக்கட்டளையின் தலைவி, மலைப்பாதையில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. வளைவில் எதிரே வருகிறவன்தான் பின்னால் போகவேண்டும் என்பது அவருடைய வாழ்க்கைத் தத்துவம். அவர் வெயிலண்ணையிடம் நேராகவே சொன்னார். "எங்களில் மிச்சமிருப்பது ஆறு பேர். ஆறு பேருக்கும் முழங்கால் சரியில்லை. பற்றையை எங்களால் தனியாகப் பிடிக்க முடியாது. மற்ற இரண்டு ஊரும் சேர்ந்து வந்தால் காணியை வைத்திருப்போம். வராவிட்டால் இலையுதிர் காலக் கூட்டத்தில் குத்தகைக்கு விடுவோம்."

"வருவினம்" என்றார் வெயிலண்ணை.

"என் அப்பா காலத்திலிருந்து வரவில்லை."

"வருவினம்" என்றார் மறுபடியும். அவருக்கு அந்த ஊரில் ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை, ஒரு அறக்கட்டளையிலும் இடமில்லை. வாலிஸ் ஜெர்மன் லுசேர்ண்காரருக்கே விளங்காது. அவருடைய ஜெர்மன் அவர் கற்ற ஆசிரியருக்கே விளங்காது. இருந்தாலும் அன்று தொடங்கினார்.

ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பெட்டி நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸோடு மேலூருக்கு ஏறுவார். மேலூர்த் தலைவர் ஆட்டுக்காரர், தாடி வைத்தவர். ரோல்ஸை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, "முதலில் அவர்கள் வரட்டும்" என்பார். வெயிலண்ணை கீழூருக்கு இறங்குவார். கீழூர்த் தலைவர், அந்தப் பழைய தீர்ப்புச் சொன்னவரின் பேரன், ரொட்டிக்கடை வைத்திருந்தவர். அவரும் ரோல்ஸைச் சாப்பிட்டு, மாவைக் கொஞ்சம் கனமாக உருட்டியிருப்பதாகக் குறை சொல்லி, "முதலில் அவர்கள் வரட்டும்" என்பார். கோடை முழுவதும் இதுதான்.

எனக்குத் தொலைபேசியில் முறையிடுவார். "தம்பி, நான் இதை எங்கயோ பார்த்த மாதிரிக் கிடக்கு."

"எங்க, அண்ணை?"

"எங்கட கோயில் நிர்வாகத்தில. ரெண்டு பக்கமும் சாமிக்காகத்தான் சண்டை பிடிப்பினம். சாமி இருட்டுக்குள்ள இருக்கும்."

"அப்ப விடுங்கோவன்."

"விடுறதோ? அவன் வானத்தில இருந்து வராத இடத்துக்கு இவங்கள் குழாய் போட்டுக் கூட்டிக்கொண்டு வரப்போறாங்கள். நான் விடுறதோ?"

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று தலைவர்களிடமும் தனித்தனியாகப் போய், தமிழர்கள் பேருந்து பிடித்து வந்து பற்றை வெட்டப் போகிறார்கள் என்றார். மேலூரிடம், "மற்ற ரெண்டு ஊரும் வருது. உங்களுக்கு இப்ப மலை ஏற இறங்க ஏலாதாம் எண்டு கதைக்கினம்" என்றார். இதையே நடுவூரிடமும் சொன்னார், கீழூரிடமும் சொன்னார். மலைக்காரரிடம் எதைச் சொன்னாலும் பொறுப்பார்கள், இதைப் பொறுக்க மாட்டார்கள்.

பிறகு எங்கள் லுசேர்ண் தமிழ் மன்றத்தின் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தார். "இயற்கையைக் காப்பாத்த ஒரு சிரமதானம். ஆளும் மண்வெட்டியும் கத்தியும் கொண்டு வாங்கோ." அவ்வளவுதான் சொன்னார். மலையில் தொடர்பு அறுந்துவிட்டது. மிச்சத்தை எங்கள் தலைவர் தானாக நிரப்பிக்கொண்டார்.

எங்கள் தலைவர் நல்லவர், ஆனால் மேடையில்லாத இடத்தில் அவருக்கு மூச்சு வராது. இயற்கை என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கும் சரி, மன்றத்தில் வேறெவருக்கும் சரி, ஒரே ஒரு விஷயம்தான் தோன்றியது. இயற்கையைக் காப்பது என்றால் மரம் நடுவது. மரம் நடுவது என்றால் பிரதம விருந்தினர், குத்துவிளக்கு, பதாகை, பொன்னாடை. இதில் மாற்றுக் கருத்து எங்கள் இனத்திலேயே கிடையாது.

புரட்டாதி மாத ஞாயிறு ஒன்றில் பேருந்து புறப்பட்டது. உள்ளே முப்பது பேர், கட்டுச்சோறு, மைக். பின்னால் பொதிகள் வைக்கும் இடத்தில் பேர்ச் கன்று, மேப்பிள் கன்று, செரிக் கன்று, ஆளுயரத் தண்ணீர்க் கொள்கலன்கள். பிரதம விருந்தினராகச் சூக் நகரத்தில் உணவகம் வைத்திருக்கும் ஒருவர், கண்ணாடிபோல மினுங்கும் சப்பாத்தோடு முன் ஆசனத்தில் இருந்தார். பதாகையில் "பசுமை காப்போம், நீர் வார்ப்போம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. மலைகளையும் சுரங்கங்களையும் தாண்டி, பழைய பாட்டெல்லாம் பாடி முடித்து, சரிவின் அடிவாரத்தில் போய் இறங்கினோம்.

வெயிலண்ணையின் சூழ்ச்சி பலித்திருந்தது. மூன்று ஊராரும் வந்திருந்தார்கள். ஆனால் மேலூர்க்காரர் மேல் வேலியோரம், நடுவூர்க்காரர் ஒரு பாறையருகே, கீழூர்க்காரர் கீழே. மூன்று குழுவும் மற்ற இரண்டையும் பார்க்காமல் இருப்பதற்காக மிகுந்த சிரமப்பட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெயிலண்ணை மட்டும் நடுவில் நின்று இரண்டு கையையும் அசைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

பேருந்தின் பின்கதவு திறந்தது. முதலாவது பேர்ச் கன்று இறங்கியது. சிரிப்பு நின்றது.

"என்ன இது?"

"கன்று, அண்ணை. நூறு வருசம் நிக்கும்" என்றார் எங்கள் தலைவர் பெருமையோடு.

"நூறு வருசமோ! ஐயோ, இஞ்ச மரம்தானே எங்கட எதிரி! மரத்தை வெட்டத்தானே உங்களைக் கூப்பிட்டனான்!"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் பிரதம விருந்தினரைப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். "இயற்கையைக் காப்பாத்த எண்டு சொன்னியள்..." என்றார் தலைவர்.

"ஓம், இதுதான் இயற்கை! காய்ஞ்சு கிடக்கிறதுதான் இயற்கை!"

"இவ்வளவு காய்ஞ்சு போய்க் கிடக்கு. பாவமா இருக்கு, அண்ணை" என்றார் மன்றத்துச் செயலாளர் அக்கா. அவர் இரக்க மனம் கொண்டவர். கையில் நீர்வார்க்கும் பூவாளி வேறு இருந்தது. இரண்டு எட்டு வைத்து, பக்கத்தில் நின்ற வெள்ளிப் புல்லின் அடியில் அன்போடு தண்ணீரை ஊற்றினார். அதைப் பார்த்து உற்சாகமடைந்த நாலுபேர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறத் தொடங்கினார்கள்.

"நைன்!"

ஜெர்மனில் 'வேண்டாம்' என்ற அந்தச் சத்தம் மேலேயிருந்து வந்தது. "நைன்!" பாறைப் பக்கமிருந்தும் வந்தது. "நைன், நைன்!" கீழேயிருந்தும் வந்தது. மேலூர்த் தலைவர் தாடி பறக்க இறங்கி ஓடிவந்தார். நடுவூர்த் தலைவி முழங்காலை மறந்து வந்தார். ரொட்டிக்கடைக்காரர் மூச்சிரைக்க ஏறி வந்தார். மூவரும் எங்கள் கன்றுகளுக்கு முன்னால் தோளோடு தோள் முட்ட வரிசையாக நின்று கைகளை விரித்து மறித்தார்கள். தாத்தா காலத்து மாட்டுக்குப் பிறகு அந்த மூன்று ஊரும் ஒரே இடத்தில் ஒரே பக்கமாக நின்றது அன்றைக்குத்தான். அதைச் செய்ய வைத்தது நாங்கள் கொண்டுபோன பேர்ச் கன்று.

நின்ற பிறகுதான் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று அவர்களுக்கு விளங்கியது. மூவரும் அசையவில்லை. அசைந்தால் தமிழர்கள் மரத்தை நட்டுவிடுவார்கள் என்ற பயம்.

இதற்குள் மேலே இன்னொன்று நடந்தது. மேலூர்த் தலைவர் ஓடிவந்த வேகத்தில் படலையைச் சாத்தவில்லை. முன்பாதி கரிக்கறுப்பும் பின்பாதி வெள்ளையுமாக, இரண்டு ஆட்டை வெட்டி ஒட்டியதுபோன்ற அந்த ஊர் ஆடுகள் வரிசையாக இறங்கின. எங்கள் ஆட்கள் ஆடுகளைப் பார்த்த பார்வையில் பாசம் கொஞ்சம் வேறுவிதமாக இருந்தது. "ஏன் இவர்கள் என் ஆட்டை இப்படிப் பார்க்கிறார்கள்?" என்று மேலூர்த் தலைவர் கவலையோடு கேட்டார். "கும்பிடினம்" என்று சமாளித்தார் வெயிலண்ணை.

ஆடுகள் எவரையும் கேட்கவில்லை. மேலூர் எல்லையைத் தாண்டி நடுவூர்க் காணிக்குள் வந்து, நேரே கன்றுகளிடம் போய், முதலில் செரியை முடித்தன. பிறகு பேர்ச். ஒரு கிழட்டு ஆடு பதாகையில் "பசுமை" என்ற பகுதியைத் தின்னத் தொடங்கியது. எல்லோரும் நடுவூர்த் தலைவியையே பார்த்தார்கள். அவர் கழுத்தில் விசில் தொங்கியது. மேலூர் ஆடு அவர் காணியில் கால்வைத்தால் ஊதுவதற்கென்றே அந்த விசில்.

அவர் விசிலைத் தொட்டார். வெயிலண்ணை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கோடை முழுக்க மலை ஏறி இறங்கிய மனிதர். இந்த ஒரு விசில் ஊதினால் எல்லாம் முடிந்தது.

தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போடாமல் மடித்துப் பைக்குள் வைத்தார். "கண்ணாடி இல்லாமல் எனக்கு ஆடும் தெரியாது, மாடும் தெரியாது" என்றார்.

மாடு என்று அவர் சொன்னதும் ரொட்டிக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மேலூர்த் தலைவர் தாடியைச் சொறிந்தார்.

மேலே பேச வெயிலண்ணை விடவில்லை. "வந்த சனம் சும்மா போகேலாது. கத்தியை எடுங்கோ!" என்று கத்தினார். முப்பது தமிழரும் பற்றைக்குள் இறங்கினார்கள். எங்களுக்குத்தான் எந்தப் பற்றை எந்த ஊர் என்று தெரியாதே. செயலாளர் அக்கா பூவாளியைப் போட்டுவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு, "எல்லை எங்கால இருக்கு?" என்று கேட்டார். "எல்லையைப் பார்க்காதேங்கோ. முள்ளைப் பாருங்கோ" என்றார் வெயிலண்ணை. வேலிக்கதியால் ஒரு சாண் தள்ளி நட்டதற்காக நீதிமன்றம் வரை போன பரம்பரை நாங்கள். அன்றைக்கு எல்லை பார்க்காமல் வெட்டினோம். நாங்கள் வெட்டிக்கொண்டு கீழூர்ப் பகுதிக்குள் போய்விட, பின்னாலே நடுவூரார் இழுத்துக் குவிக்க, அதைக் கட்டித் தூக்க மேலூரார் வர, மத்தியானத்துக்கு முன் யார் எந்த ஊர் என்பது எனக்குக் குழம்பிவிட்டது.

பிரதம விருந்தினர் பொன்னாடையைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, சப்பாத்து இருந்த இடம் தெரியாமல் வேலை செய்தார். "இனி எல்லா விழாவும் இப்பிடி வைச்சால் நான் பேச்சுப் பேசத் தேவையில்லை" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அந்தச் சரிவில் நிழல் என்று இருந்தது ஒரே ஒரு பைன் மரத்தடி. சாப்பாட்டுக்கு எல்லோரும் அங்கேதான் இருக்கவேண்டியிருந்தது. வேறு வழியில்லை. கட்டுச்சோற்றின் உறைப்பில் மூன்று ஊர்க் கண்ணிலும் ஒரே மாதிரித் தண்ணீர் வந்தது.

அன்றைக்கு எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுதினால் பொய். இலையுதிர் காலக் கூட்டம் மிச்சமிருந்தது. நடுவூர் மாதாகோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்த நாளில், துணைக்கு வரச்சொல்லி என்னையும் அழைத்திருந்தார். எந்த அறக்கட்டளையிலும் இல்லாதவர் கூட்டத்தில் இருக்க முடியாது. நாங்கள் வெளியே தாழ்வாரத்தில் நின்றோம். திராட்சைத் தோட்டக்காரர் உள்ளே போய்த் தன் திட்டத்தைச் சொல்லிவிட்டு வந்து, எங்களுக்கு மரியாதையாக வணக்கம் சொல்லிப் போனார்.

"தோத்தால் என்ன செய்வியள், அண்ணை?"

"அடுத்த கிழமை அவற்ற வீட்டுக்கு ரோல்ஸ் கொண்டு போவன்."

"அவர் தண்ணியைத் திறந்த பிறகோ?"

"திறந்த குழாயைப் பூட்டலாம்" என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டைப் பொத்தானை மூன்றுமுறை கழற்றிப் பூட்டினார். இந்த மனிதருக்குப் பயம் வந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. மேலூர்த் தலைவரும் ரொட்டிக்கடைக்காரரும் வந்துகொண்டிருந்தார்கள், சேர்ந்தல்ல, ஒருவர் பின்னால் ஒருவர். இருவருமே அதுவரை அந்த மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்தவர்களல்லர். கதவருகே இருவரும் நின்று, யார் முதலில் போவதென்று தயங்கினார்கள். "முதலில் அவர்கள் வரட்டும்" என்று கோடை முழுக்கக் கேட்டுச் சலித்த வெயிலண்ணைக்கு இது போதும். இரண்டு பேரின் முதுகிலும் ஒவ்வொரு கையை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளினார். கதவு திறந்து, இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே விழுந்தார்கள்.

நெடுநேரம் கழித்துத் தலைவி வெளியே வந்தார். குத்தகை இல்லை என்றார். மூன்று அறக்கட்டளையும் தங்கள் காணியைத் தாங்களே வைத்திருக்கும், ஆனால் ஆடு மூன்றிலும் மேயும், பற்றையை எல்லோரும் சேர்ந்து வெட்டுவார்கள். ஒரேயொரு சிக்கல். ஆட்டை எப்போது எந்தப் பக்கம் மாற்றுவது என்று சொல்ல ஒருவர் வேண்டும். மேலூர் ஆளை நடுவூர் நம்பாது, நடுவூர் ஆளைக் கீழூர் நம்பாது.

"அதனால் உன் பெயரைச் சொன்னோம். மூன்று ஊருக்கும் ஒரே அளவு தொல்லை கொடுத்தவன் நீ ஒருவன்தான்."

வெயிலண்ணை அவருக்கு நன்றி சொல்லவில்லை. "ஓம்" என்றார், தமிழிலேயே. பிறகு சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் தலைவியிடம் அவருக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று சொன்னேன்.

அடுத்த கோடையில் தொலைபேசி வந்தது. "தம்பி, உடன வாரும். வந்து பாரும்." என்னவோ ஏதோவென்று ஓடினேன். சரிவின் நடுவில், நடுவூர்க் காணியில் ஒரு கல்லில் இருந்தார். நான் சுற்றிப் பார்த்தேன். கல், புழுதி, காய்ந்த புல், தூரத்தில் ஆடு.

"என்ன அண்ணை, என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை."

"பிறகேன் கூப்பிட்டனீங்கள்?"

"அதைத்தான் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டனான். ஒண்டுமே நடக்கேல்லை. அப்பிடியே கிடக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. அவர் பக்கத்தில் இருந்தேன். என்னமோ சொல்லத் தொடங்கினார், பாதியில் நிறுத்தினார். திரும்பிப் பார்த்தால் கல்லில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு நித்திரை. சண்டை பிடிக்க ஆளில்லாமல் அந்த முகத்தை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. எனக்கு இந்த மனிதரை எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

வெயில் சாய்ந்தபோது என் நிழல் மெல்ல அவர் முகத்தில் ஏறியது. நான் சத்தம் போடாமல் எழும்பித் தள்ளி இருந்தேன்.